நான் கிருமி வளர்த்த கதை

பணியில் இருந்த காலம் முழுக்க நான் கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். காகிதத்தில் சுகாதார ஆய்வாளர். ஊருக்குள் ‘பிளீச்சிங் பவுடர் சார்’. காரைக்குடியைச் சுற்றி இருக்கிற ஊரணி, கிணறு, மேல்நிலைத் தொட்டி எதுவும் என் கைக்குத் தப்பியதில்லை. திருவிழா வந்தால் தெருவின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுப்போம். அமைச்சர் வந்தால் கோடு இன்னும் தடிமனாக விழும். அமைச்சர் வருகிற தெருவில் கிருமிகளும் கூட்டமாக வந்து நிற்கும் என்பது எங்கள் துறையின் நம்பிக்கை.

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு, பாக்டீரியாவைப் பாட்டிலில் வாங்கி, ஈரத்துணி சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர், “என்ன சார், நெய்யா?” என்றார். “பாக்டீரியா” என்றேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் எழுந்து போய் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் காலியானதில் நான் இன்னும் வசதியாக உட்கார்ந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன்.

நெற்குப்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன நிலம் இருக்கிறது. பாதி என் மனைவிக்கு, பாதி மச்சானுக்கு. நடுவில் பொதுவாக ஒரு கிணறு. மச்சான் காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். இடிக்கிற வீடுகளிலிருந்து தூண், கதவு, நிலை எல்லாம் பெயர்த்து வந்து விற்பார். ஒரு வீட்டைப் பார்த்தால் அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. என்னென்ன கழற்றலாம் என்பதுதான் தெரியும். நிலத்தையும் அப்படித்தான் பார்த்தார். அவருடைய பாதி பல வருடமாகக் கருவேலம் முளைத்துக் கிடந்தது. என் மனைவியின் பாதியில் கத்தரிக்காய் காய்த்தது.

கத்தரிக்காய் என்றால் சும்மா இல்லை. பிள்ளையார்பட்டியில் அறுபதாம் கல்யாணத்துக்குச் சமைக்க வருகிற சமையல்காரர்கள், சந்தைக்குப் போவதற்கு முன் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். “அக்கா, நாளை மறுநாளைக்குக் காய் வேணும்” என்று அவளைத்தான் கேட்பார்கள். நான் எடுத்தால், “அக்கா இல்லையா?” என்று வைத்துவிடுவார்கள். என் வேலை காலத்தில் அவள் ‘சார் வீட்டம்மா’. தோட்டத்தில் மட்டும் அவள் அவளாக இருந்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நிலத்துக்கு ஒரு நோய் வந்திருந்தது. பருவத்துக்குப் பருவம் யூரியா கூடிக்கொண்டே போனது. காய் குறைந்துகொண்டே வந்தது. மண்வெட்டியைப் போட்டால் ‘டங்’ என்றது மண். மண்புழுவைப் பார்த்தே வெகு நாளாகிவிட்டது. மச்சான் ஒருநாள் வந்து, வரப்பில் நின்றபடி தீர்ப்புச் சொன்னார்.

“இந்த மண்ணு யூரியாவுக்குப் பழகிப் போச்சு தங்கச்சி. காலைல டீ இல்லாம எந்திரிக்க மாட்டேங்கிற ஆளு மாதிரி ஆகிப்போச்சு. பேசாம மொத்தத்தையும் தைலமரத்துக்கு விட்டுருவோம். ஒப்பந்தக்காரரு கேக்குறாரு. பாதி நெலம் அவருக்கு வேண்டாமாம், முழுசாக் குடுத்தாத்தான் வருவாராம். நட்டுட்டா அப்புறம் நாம அங்குட்டுத் திரும்பியே பாக்க வேண்டாம்.”

திரும்பியே பார்க்க வேண்டாம் என்பதுதான் அவருக்கு அதில் பிடித்த விஷயம். என் மனைவி பறித்த காயை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கூடையில் போட்டாள். ஏற்கனவே துடைத்ததையும் எடுத்து மறுபடி துடைத்தாள்.

அந்த வாரம் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தோட்டக்கலை அலுவலகத்து உதவி அலுவலர் வந்திருந்தார். என் மகள் வயதுப் பெண். மண்ணில் நல்லது செய்கிற பாக்டீரியா இருக்கிறது என்றார். அசோஸ்பைரில்லம் என்று ஒன்று, காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும். பாஸ்போபாக்டீரியா என்று இன்னொன்று, மண்ணில் கட்டிக் கிடக்கிற மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். இரண்டையும் விட்டால் உரத்தைக் கால் பங்கு குறைக்கலாம், மண்ணும் மெல்ல மெல்லத் தேறும் என்றார்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “அந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியுமாத்தா?” என்றார்.

“தெரியாதுங்கய்யா.”

“காத்துல இருக்குற சத்து?”

“அதுவும் தெரியாது.”

“மானியம்?”

“அதுவும் இப்போதைக்குத் தெரியலைங்கய்யா” என்றார் அந்தப் பெண். பெரியவர் மனநிறைவோடு உட்கார்ந்து வடையை எடுத்தார்.

என் மனைவி மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டாள். “பாலுக்கு உறை ஊத்துற மாதிரியாம்மா?”

“அதேதாம்மா! உறை மோர்ல இருக்குறதும் பாக்டீரியாதான்.”

எனக்குச் சுருக்கென்றது. கிருமி என்ற துறையில் அந்தக் கூடத்தில் அனுபவம் உள்ள ஒரே ஆள் நான். அதை ஒரு கரண்டி மோரில் முடித்துவிட்டார்கள். எழுந்து பாக்டீரியாவின் வகைகள் குறித்துக் கொஞ்சம் விளக்கினேன். கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். முடிக்கும்போது வடை தீர்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே மச்சானுக்குப் போன் போட்டுச் சவால் விட்டேன். “மச்சான், இந்த ஒரு பருவம் விடுங்க. உரத்தக் கால் பங்கு கொறைச்சு, காயையும் எடுத்துக் காட்டுறோம். முடியலைன்னா தைலமரம் நடுங்க, நாங்க வாயத் தொறக்க மாட்டோம்.”

“கிருமிய வச்சு வெவசாயமா? அதுவும் நீங்களா?” சிரித்துவிட்டு, “சரி மாப்ள. ஐப்பசி மழை விழுந்ததும் கன்னு நடணும். அதுக்குள்ள காட்டுங்க” என்றார்.

போனை வைத்தபோதுதான் என் மனைவி வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பந்தயம் வைத்தது நான். வைத்த பொருள் அவளுடைய நிலம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள், “தெம்பாத்தான் பேசுறீக” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உரக்கடைக்காரர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு சார், இத நம்பியா யூரியாவக் கொறைக்கிறீக?” என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார். நான் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும். உணவகங்களில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, கிருமி இருக்கிறது என்று எத்தனை பேரை மிரட்டியிருக்கிறேன். இப்போது என் வீட்டுப் பெட்டியில், இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில், கிருமி என்று எழுதியே ஒட்டிய பாட்டிலை நானே வைத்தேன். கையெல்லாம் கூசியது.

ஆடிக் கடைசியில் நாற்று நட்டோம். பதினாறு பாத்தி. “கெழக்குட்டு எட்டும் நீங்க பாருங்க, மேக்குட்டு எட்டும் நான் பாக்குறேன்” என்று அவள் பிரித்தாள். நான் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றதைப் பார்த்துத்தான் அப்படிப் பிரித்தாள் என்று இப்போது நினைக்கிறேன். என்னிடமிருந்து பாதியையாவது காப்பாற்றியாகவேண்டும் என்று அவளுக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும்.

பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து, நாற்றின் வேரை அரைமணி நேரம் அதில் நனைத்து நடவேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாசனத் தண்ணீரோடு கொஞ்சம் கலந்து விடவேண்டும். ஒரே பாட்டில், ஒரே நாற்று, ஒரே நாள். நான் எல்லாவற்றையும் மணி குறித்துச் செய்தேன். அவள் குத்துமதிப்பாகச் செய்தாள். அவள் அளவு எடுத்தது பழைய எவர்சில்வர் டம்ளரில். அதைக் கண்டித்து நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன்.

கிணற்று மேட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் போட்டு அதை நிரப்பிக்கொண்டு, வேண்டும்போது பாத்திக்குத் திறந்துவிடலாம். முதல்நாள் அதில் எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பாசி, நடுவில் கொசுப்புழு நெளிந்தது. வண்டியின் பெட்டியில் எப்போதும் ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர் கிடக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அதை நான் எடுக்கவில்லை. சிலருக்குக் கோயிலைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்தில் போடும். எனக்குத் தொட்டியைப் பார்த்தால் கை தானாக டப்பாவுக்குப் போகும். வெள்ளிக்கிழமைதோறும் போட்டேன், வேலையில் இருந்தபோது போட்ட அதே கிழமையில். அதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, நோட்டில்கூட எழுதவில்லை.

அதே வெள்ளிக்கிழமைகளில்தான் பாக்டீரியாவையும் விட்டேன். நல்ல நாள் என்று. காலையில் தொட்டியைச் சுத்தம் செய்து, பத்தரை மணிக்கு மேல் ராகுகாலம் என்பதால் அதற்கு முன்பாகவே, பாட்டிலைத் திறந்து அதே தொட்டியில் ஊற்றி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு திறந்துவிடுவேன். அந்தப் பாக்டீரியாக்களுக்கு நான் செய்த கடைசி மரியாதை அது.

இரண்டாவது வாரமே அவள் கேட்டாள். “ஏங்க, தொட்டித் தண்ணி என்னமோ வாடை அடிக்குதே?”

“அது வாடை இல்ல, சுத்தம்” என்று தொடங்கி, தண்ணீரால் பரவுகிற நோய்கள் எத்தனை, ஒரு துளித் தண்ணீரில் எத்தனை கிருமி, சுத்தம் பற்றி நம் மக்களுக்கு ஏன் அறிவு வருவதில்லை என்பது வரை போனேன். அவள் கேட்டுக்கொண்டே களை பறித்தாள். முடிந்ததும், “சரிங்க” என்றாள். மறுநாளிலிருந்து மோட்டார் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, தொட்டிக்குப் போகாமல், கிணற்றுத் தண்ணீரை நேராகத் தன் பாத்திக்குக் கொண்டுபோனாள். தன் பங்குப் பாக்டீரியாவையும் ஒரு வாளியில் கலந்து, செடி செடியாக ஊற்றினாள். எதற்கு இந்த இரட்டை வேலை என்று நான் கேலி செய்தேன்.

ஆவணி முடியும்போது மேற்குப் பக்கம் கரும்பச்சையாக நின்றது. கிழக்குப் பக்கம் வெளுத்துப் போனது. அவள் செடி இடுப்புக்கு வந்து பூத்தபோது என் செடி முழங்காலைத் தாண்டவில்லை. நான் அரசாங்கத்தில் வேலை பார்த்தவன். தவறு நடந்தால் அது எங்கே நடந்திருக்கக் கூடும் என்று என்னைத் தவிர எல்லா இடத்திலும் தேடத் தெரியும். கிழக்கில் வெயில் அதிகம் என்று எழுதினேன். வேப்பமரத்து நிழல் என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். மயில் என்று எழுதினேன். பாட்டிலின் மேல்பாதியில் சோம்பேறிப் பாக்டீரியாவும் கீழ்ப்பாதியில் உழைப்பாளிப் பாக்டீரியாவும் இருந்திருக்கலாம் என்றுகூட ஒருநாள் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை விழுந்தது. நாளைக் காலையில் வருகிறேன் என்று மச்சான் போன் செய்தார்.

மறுநாள் நான் சீக்கிரமே தோட்டத்துக்குப் போனேன். கிழக்குப் பக்கத்தை எப்படியாவது கொஞ்சம் பச்சையாகக் காட்ட முடியுமா என்ற நப்பாசை. மிச்சம் இருந்ததையும் ஊற்றிவிடலாம் என்று பாட்டிலை எடுத்தேன். கண்ணாடி போட்டிருந்ததால், முதல்முறையாக அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை முழுதாகப் படித்தேன். பணிக்காலத்தில் எத்தனையோ பேரை, சீட்டைப் படித்துப் பார்த்து வாங்கமாட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். பொடி எழுத்தில், மூன்றாவது வரியில் இருந்தது: குளோரின் கலந்த நீரில் கலக்கக் கூடாது.

நான் தொட்டியைப் பார்த்தேன். விளிம்பில் பிளீச்சிங் பவுடர் டப்பா உட்கார்ந்திருந்தது. மூடி திறந்தே இருந்தது, அன்று வெள்ளிக்கிழமை.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயமாக இருந்தது. நாற்று நனைத்த நாளிலிருந்து, ஒரு தடவை விடாமல், என் பக்கத்துக்கு வந்த அத்தனை பேரையும் வாசலிலேயே வைத்துக் கொன்றிருக்கிறேன். டப்பாவை மூடி, வேட்டி மடிப்புக்குள் மறைக்கவும் வரப்பில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

மச்சான் முதலில் மேற்கே போனார். இலையைத் திருப்பிப் பார்த்தார். கொத்துக்கொத்தாகத் தொங்கிய காயைப் பார்த்து, “அட!” என்றார். என் மனைவி காய் பறித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பிறகு கிழக்கே வந்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“என்ன மாப்ள, இதுவும் அதே கிருமிதானா?”

“அதேதான் மச்சான்.”

“அதே உரம்?”

“அதே அளவு.”

“பெறகு ஏன் இப்படிக் கெடக்கு?”

எனக்கு விளக்கம் எழுதத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. வாய் தானாகத் தொடங்கியது. “இங்குட்டு வெயில் சாஸ்தி மச்சான். அப்புறம் அந்த மயிலு...”

மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். தங்கச்சியிடம் திரும்பினார். அவர் குரலில் கேலி இல்லை; அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இங்க பாரு ஆத்தா. கிருமி மருந்து வேலை செய்யும்னா ரெண்டு பக்கமும் செய்யணும். ஒரு பக்கம் செத்துப்போச்சு. ஒன் பக்கம் நல்லா இருக்குன்னா அது ஒன் கைராசி. இந்த வருசம் நின்னுச்சு, அடுத்த வருசம் நிக்கும்னு என்ன நிச்சயம்? கைராசிய நம்பி நெலத்த வச்சிருக்க முடியாது. நாளைக்கு ஒப்பந்தக்காரர வரச் சொல்லிடுறேன்.”

அவள் கையில் இருந்த காயைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்ததையே துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கி, அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

நான் வேட்டி மடிப்பிலிருந்து டப்பாவை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன்.

“மச்சான், கெழக்குட்டு கிருமி வேலை செய்யாம இல்ல. நான் வேலை செய்ய விடல. வாரா வாரம் தொட்டில இதப் போட்டேன். அதுலயே அதுகளையும் ஊத்துனேன். அவ ரெண்டாவது வாரத்துலேருந்து தொட்டித் தண்ணியத் தொடல. அம்புட்டுத்தான் வித்தியாசம். கைராசியும் இல்ல, மயிலும் இல்ல.”

மச்சான் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, எனக்குத் தெரிந்த மூன்று பேருக்கும் தெரியாத நாலு பேருக்கும் விஷயத்தைச் சொன்னார். கடைசியில்தான் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, “இந்தப் பக்கம் வேண்டாம்ணே, தங்கச்சி கத்தரிக்காய் போடுது, வேற எடம் பாருங்க” என்றார். போகும்போது டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். கடையில் வைத்து விற்கப்போகிறாராம், பழைய சாமானாக.

அவர் போன பிறகு நான் அவளுக்குப் பக்கத்தில் போய்க் காய் பறித்தேன்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“ரெண்டாவது வாரமே.”

“எப்படி?”

“இத்தன வருசமா ஒங்க சட்டையத் தொவைச்சது யாரு? அந்த வாடை எனக்குத் தெரியாதா?”

“அப்பச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன்ல? தொட்டித் தண்ணி வாடை அடிக்குதுன்னு. ஒக்காந்து பாடம் எடுத்தீக. ஒருவாட்டி சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்னு விட்டுட்டேன்.”

“சரி, அண்ணேட்டயாவது இன்னைக்குச் சொல்லியிருக்கலாம். ஒன் நெலம்ல?”

அவள் காம்பைக் கிள்ளிக் காயைக் கூடையில் போட்டாள்.

“நான் சொன்னா அண்ணே கேப்பாகளா? தங்கச்சி நெலத்த விட முடியாம ஏதோ சொல்லுதும்பாக. நீங்க சொன்னாத்தான் நம்புவாக. அதான், சொல்லுவீகளா மாட்டீகளான்னு பாத்துக்கிட்டே நின்னேன்.”

அவள் கூடையை என் பக்கம் நகர்த்தினாள்.

“தூக்குங்க. பிள்ளையார்பட்டிக்குப் போற வண்டி வந்துரும்.”

நான் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது.